போகிப் புகை ஏன் மேலே போவதில்லை?

போகி அன்று விடியற்காலை சென்னையில் எரியும் அதே குப்பை மதியம் இரண்டு மணிக்கு எரிந்தால், ஊர் இந்த அளவுக்குத் திணறாது. மதியம் எரிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எந்த நேரத்தில் எரிந்தாலும் நஞ்சுதான். ஆனால் எவ்வளவு எரிகிறது என்பதைப் போலவே, எந்த நேரத்தில் எரிகிறது என்பதும் நம் நுரையீரலுக்கு முக்கியம். 2018 ஜனவரி 13, போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, புகையையும் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. மார்கழி இரவில் நடப்பது நேர்மாறு. வானம் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால், தரை தன் வெப்பத்தை வேகமாக இழந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். இதைத்தான் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். மேலெழும் புகை சூடான அந்த அடுக்கை எட்டியதும், பானைக்கு மூடி போட்டதுபோல், அங்கேயே நின்றுவிடுகிறது. பகலில் சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து கரையக்கூடிய புகை, அப்போது சில நூறு மீட்டருக்குள், சில நாட்களில் அதற்கும் கீழே, அடைபட்டுக் கிடக்கும். போதாததற்குக் காற்றில் ஈரம் வேறு. புகைத்துகள்களைச் சுற்றி நீர் சேர்ந்து பனிமூட்டத்தை இன்னும் அடர்த்தியாக்குகிறது.

சூரியன் ஏறித் தரை சூடானதும் இந்த அடுக்கு மெல்லக் கலையும். அதனால் ஜன்னல்களை முந்தைய இரவே மூடிவிட்டு, வெளியே மூட்டம் நன்றாக விலகிய பிறகு திறப்பது நல்லது. காலை நடையை அன்று மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செயலியில் தெரியும் காற்றுத் தரக் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். நம் நாட்டில் நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. காலை ஐந்து மணிக்குத் திடீரென ஏறும் புகை அந்த எண்ணில் முழுதாகத் தெரியாது. உங்கள் மூக்கும், எதிர்வீடு மங்கலாகத் தெரிவதும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

வெளியே போயே ஆக வேண்டுமா? ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதில் பெரிய பலன் இல்லை. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் துணியின் இடுக்கு வழியே எளிதாக நுழைந்துவிடும். என்95 முகக்கவசத்தின் இழைகளில் நிலைமின்னூட்டம் இருக்கிறது. இடுக்கு வழியே தப்பக்கூடிய துகளையும் அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சோப்பு போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் குறைந்துவிடும், அதனால் துவைக்கக் கூடாது. முகத்தோடு ஒட்டாமல் ஓரத்தில் இடைவெளி இருந்தாலும் பயனில்லை.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அன்று கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம். கதவை மூடிவிட்டு உள்ளே அவற்றை ஏற்றினால் அதே வகை நுண்துகளைத்தான் நாமே கூட்டுகிறோம். அப்புறம், தரையில் படிந்த கரியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது மறுபடி காற்றில் எழும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.