சீசன்: எந்த சீசன்?

"மாமா, சீசன் முடிஞ்சிருச்சு."

2019 மே மாதக் கடைசி. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசற்படியில் உட்கார்ந்து என் அக்கா மகன் இப்படிச் சொன்னான். நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலை பார்த்தவன். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஊர் வெறிச்சோடிப் போக, "தேவைன்னா கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, அடுத்த ஏப்ரல் வராமலா போய்விடும் என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். முகத்தைச் சுளித்தான்.

"அது இல்ல மாமா. நெஷனல்ஸ். அம்பது மெட்ச்ல பத்தொன்பதுதான் வெற்றி. முப்பத்தொண்ணு தோல்வி."

கட்டாரில் மூன்று வருடம் ஹோட்டல் வேலை செய்தபோது, கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவரிடமிருந்து இந்தப் பேஸ்போல் பைத்தியம் தொற்றியிருந்தது. வொஷிங்டன் நெஷனல்ஸ் அவனுடைய அணி. நாட்டுக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை. லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கிப் பக்கம்தான் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு, பனியில் நின்று ஸ்கோர் பார்ப்பான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் அவனைக் கண்டு முதலில் பயந்தார்களாம், அப்புறம் பழகிவிட்டது.

அன்றைக்கு என் தலையில் ஏறிக்கொண்ட கேள்வி இது: ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு துக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த 'சீசன்' எங்கிருந்து வந்தது, அதற்குச் சரியான தமிழ் எது?

மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். ஏப்ரலில் 'சீசன்' என்றால் நுவரெலியா. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, தெருவெல்லாம் ஸ்ட்ரோபெரி. மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை 'சீசன்' என்றால் சிவனொளிபாதமலை. அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் ஏற இடம் கிடைக்காது. தேயிலைத் தொழிற்சாலையில் கேட்டால் தரமான கொழுந்து வரும் காலத்தைச் சொல்வார்கள். திம்புள்ளைப் பக்கம் அது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில் காய்ந்த காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டால் பதிலே வேறு. அவர்களுக்கு 'சீசன்' என்பது பஸ்ஸில் காட்டும் மாத அட்டை. "சீசனைத் தொலைச்சிட்டேன்" என்று அழும் பிள்ளைக்கும் "சீசன் போச்சு" என்று புலம்பும் கடைக்காரருக்கும் நடுவில் வெளியூர்க்காரர் ஒருவர் மாட்டினால் பாவம்.

சொல்லின் பூர்வீகத்துக்கு வருவோம். ஆங்கிலம் இதைப் பழைய பிரெஞ்சின் 'செய்ஸோன்' என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்கு அது வந்தது லத்தீனின் 'ஸாட்டியோ'விலிருந்து. ஸாட்டியோ என்றால் விதைப்பு. விதைக்கும் செயல் விதைக்கும் காலமாகி, பிறகு எதற்கும் உகந்த காலமாகி, கடைசியில் ஆண்டின் எந்தப் பகுதியையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு கிளை உண்டு. பழம் காலத்தில் பழுப்பதால், பழுக்கவைத்தல் என்ற பொருள் வந்தது. அதிலிருந்து சாப்பாட்டுக்கு உப்பும் மிளகும் சேர்த்து ருசி கூட்டுவதையும், பச்சை மரத்தைக் காயவைத்துப் பதமாக்குவதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நம்முடைய 'பருவம்' யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. பருவமழை என்கிறபோது அது காலம். பருவ வயது, பருவமடைதல் என்கிறபோது முதிர்ச்சி. கொழுந்து பறிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது என்றால் பக்குவம். 'பருவத்தே பயிர் செய்' என்று ஆத்திசூடி சொல்வதில் விதைப்பும் காலமும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன. லத்தீன்காரருக்குக் காட்டினால் தலையாட்டியிருப்பார். 'பருவம்' என்ற சொல்லை வடமொழியின் 'பர்வன்' என்பதோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. பர்வன் என்றால் கணு, மூட்டு. பருத்தல் என்ற தமிழ் வினையோடு சேர்ப்போரும் உண்டு. எனக்கு அந்தக் கணு பிடித்திருக்கிறது. மூங்கிலைப் பார்த்தால் ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு துண்டு. ஆண்டையும் அப்படித் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

அந்தத் துண்டுகளுக்குப் பழந்தமிழ் இலக்கணம் வைத்த பெயர் பெரும்பொழுது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். பேஸ்போலை இதில் பொருத்திப் பார்த்தேன். 2019இல் நெஷனல்ஸ் முதல் ஆட்டம் ஆடியது மார்ச் 28, அதாவது பங்குனி. கடைசி ஆட்டம் ஒக்டோபர் 30, ஐப்பசி. பின்பனியின் வாலில் தொடங்கி, இரண்டு வேனிலையும் கார்காலத்தையும் தாண்டி, கூதிரில் முடிகிறது. ஆறில் ஐந்து பெரும்பொழுதைத் தொட்டுவிட்டு அதை ஒரு 'பருவம்' என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டால், நியாயமான கேள்விதான்.

பத்திரிகைக்காரர்கள் இதற்குத் 'தொடர்' என்று எழுதுவார்கள். கிரிக்கெட்டுக்கு அது ஓடிவிடும். பேஸ்போலுக்கு ஓடாது. அங்கே ஓர் அணி லீக் சுற்றில் மட்டும் 162 ஆட்டம் ஆடுகிறது, ஏறக்குறைய தினமும். ஓர் ஊருக்குப் போனால் அதே அணியுடன் அடுத்தடுத்த நாட்களில் பெரும்பாலும் மூன்று ஆட்டம். அதுதான் அவர்களுக்குத் தொடர். கடைசியில் ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டிய உலகத் தொடர் வேறு இருக்கிறது. எல்லாவற்றையும் தொடர் என்றால், எதற்குள் எது என்று தெரியாமல் போய்விடும்.

162 என்ற எண்ணைக் கேட்டதும் அக்கா சொன்னதைச் சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். பேஸ்போல் எப்படி விளையாடுவது என்று அவளுக்குத் தெரியாது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் ஆடும் எல்லே மாதிரி ஏதோ ஒன்று என்று வைத்திருந்தாள், அது அவ்வளவு தப்பும் இல்லை. மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டாள்:

"மொத்தம் எத்தனை நாளு?"

"நூத்தி அறுவத்திரண்டு மெட்ச் அம்மா."

"அம்பதுதானே போயிருக்கு. இன்னும் நூத்திப் பன்னிரண்டு பேரு கெடக்கே. நாலு நாளு அரைப்பேரு விழுந்தா மாசமே போச்சுன்னு யாராவது கொந்தரப்பை விட்டுட்டுப் போவாங்களா?"

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு. நிறை குறைந்தால் அரைப்பேர். கொந்தரப்பு என்றால் ஒப்பந்த வேலை. கணக்கு மாத முடிவில்தான். இதைவிட நன்றாக அந்த விளையாட்டை யாரும் எனக்கு விளக்கியதில்லை. தினமும் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நாள் தோல்வி செய்தியே இல்லை. கூட்டிப் பார்க்கும்போதுதான் அது என்னவென்று தெரியும். மீதி நூற்றுப் பன்னிரண்டில் நெஷனல்ஸ் 74 வென்றது, 38 தோற்றது. ஆக 93க்கு 69. அக்கா கணக்கில் மாதம் பிழைத்துவிட்டது.

இந்தக் கணக்கிலிருந்துதான் எனக்கு 'போகம்' என்ற யோசனை வந்தது. இலங்கைத் தமிழில் நெல்லுக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு உண்டு. ஒரு விதைப்பில் தொடங்கி ஒரு அறுவடையில் முடிவது ஒரு போகம். லத்தீன் ஸாட்டியோவுக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் கிடையாது. மழை எத்தனை தரம் மாறினாலும் போகம் ஒன்றுதான், அதனால் ஐந்து பெரும்பொழுது என்ற சிக்கலும் இல்லை. 'இந்தப் போகம் எங்கள் அணிக்கு நட்டம்' என்று எழுதினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

மருமகனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். போகம் என்றால் சிற்றின்பம் என்றுதான் அவன் கூட்டாளிகள் நினைப்பார்களாம். அதுவும் பொய்யில்லை, அனுபவித்தல் என்ற பொருள் அந்த வடசொல்லிலேயே இருக்கிறது. பத்தொன்பதுக்கு முப்பத்தொன்று என்று நிற்கும் அணியைப் பார்ப்பதில் என்ன போகம் மாமா என்று வேறு கேட்டான். இன்னொரு குறையும் உண்டு, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். தேயிலைக்குப் போகம் கிடையாது. ஒரு தரம் நட்டால் பல பத்து வருடம். பறிப்பு வருடம் முழுவதும். கிளைகளைக் கவ்வாத்து வெட்டினால் சில மாதம் மலை மொட்டையாக நிற்கும், அவ்வளவுதான். விதைப்பையும் அறுவடையையும் கீழே வயல் நாட்டுக்காரர்தான் அறிவார்கள். மலைக்காரன் வாயில் போகம் இரவல் சொல்.

சரி, தீர்ப்பு. எழுத்தில் 'பருவம்' அல்லது 'பருவகாலம்' போதும். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைப் பருவகாலம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதுவும் பல பெரும்பொழுதைத் தாண்டும் ஐந்து மாதம்தான், யாரும் குறை சொல்லவில்லை. அதே நியாயத்தில் '2019 பேஸ்போல் பருவகாலம்' நிற்கும். பஸ் அட்டைக்குப் பருவச்சீட்டு என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதில் பருவமும் இல்லை ஒன்றும் இல்லை. மாதச்சீட்டு என்றால் குழந்தைக்கும் விளங்கும். நுவரெலியா ஏப்ரலை வசந்தகாலம் என்று அறிவிப்பதைப் பார்க்கிறேன். பூப்பூத்த மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலுக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து மேலே ஏறிவந்த வெள்ளைக்காரக் கூட்டத்தின் கொண்டாட்டக் காலம் அது. பனிக்காலம் முடிந்து வரும் வசந்தம் நமக்கு ஏது? பேச்சில் சீசன் சீசனாகவே இருக்கட்டும், அதைப் பிடுங்க முடியாது.

போகிற போக்கில் இன்னொன்று. இந்தப் பையனைப் போன்றவர்களை 'விசிறி' என்று எழுதுவதை நிறுத்தலாம். காற்று வீசும் விசிறிக்கான ஆங்கிலச் சொல்லான 'ஃபேன்' லத்தீனில் சுளகைக் குறித்த 'வன்னுஸ்' என்பதன் வழி வந்தது. ஆட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் 'ஃபேன்' வெறியரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் என்பதுதான் பொதுவான விளக்கம். 1880களில் அமெரிக்கப் பேஸ்போல் எழுத்தில்தான் அது பரவியது. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. ரசிகர் போதும். விடியற்காலைத் தண்ணீர்த் தாங்கிக்காரனுக்கு வெறியர் என்பதே சரி என்று அக்கா சொல்வாள்.

அந்த ஒக்டோபரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அவன் என்னுடன் பேச மாட்டான். முதல் தேதி நடந்த ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்றில் மில்வோக்கியிடம் 3க்கு 1 என்று பின்தங்கி, எட்டாவது இன்னிங்ஸில் திரும்பி 4க்கு 3 என்று வென்றது நெஷனல்ஸ். அடுத்த சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் மூன்று தளத்திலும் ஆள் நிற்க ஹோவி கெண்ட்ரிக் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். அதற்கும் அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸை நான்கு ஆட்டத்தில் நான்கிலும் மடக்கியது. ஹியூஸ்டனுடன் உலகத் தொடரில் ஏழு ஆட்டமும் விருந்தாளியாகப் போன அணிதான் வென்றது. அப்படி முன்பு நடந்ததே இல்லை.

ஏழாவது ஆட்டம் எங்களுக்கு ஒக்டோபர் 31, வியாழன் காலை. ஐந்தரை மணி தாண்டித் தொடங்கியது. நானும் தாங்கிப் பக்கம் போய் நின்றேன், கையில் பிளேன்டீ, இன்னொரு கையில் வெல்லத் துண்டு. ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது 2க்கு 0 என்று பின்னால்தான். மருமகன் பேசவே இல்லை. போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். ஏழாவதில் ரெண்டோன் ஒன்றை வேலிக்கு வெளியே அடித்தார், அப்புறம் கெண்ட்ரிக் அடித்த பந்து வலப்பக்க எல்லைக் கம்பத்தில் பட்டது, அதுவும் வேலி தாண்டியதாகவே கணக்கு. முடிவு 6க்கு 2. 1924க்குப் பிறகு வொஷிங்டனுக்குக் கிடைத்த முதல் உலகத் தொடர் வெற்றி. அவன் போட்ட சத்தத்தில் கீழ் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சீசன் இன்னையோட முடியுது."

"ஆமாம்மா, ஜெயிச்சிட்டாங்க" என்றேன்.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "பஸ் சீசன்ப்பா. நாளைக்கு ஒண்ணாந்தேதி. காசு வேணும்."