நின்றுபோன கோப்பையை எண்ணுவது எப்படி?

2014 ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை இரவு. கடைசிப் பதிப்புக்குப் பக்கம் போக வேண்டிய நேரம். ஜெர்மனி சூப்பர் கோப்பைக் கால்பந்தில் பேயர்ன் மியூனிக்கை டார்ட்மண்ட் 2-0 என்று வீழ்த்திய செய்தி வந்தது. இடத்துக்குத் தகுந்தபடி வெட்டி, "6-வது முறையாகச் சாம்பியன்" என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் டெஸ்க்குக்கு ஒரு போன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, ஆறு இல்ல, அஞ்சு. வருஷத்தைச் சொல்லட்டுமா? 89, 95, 96, போன வருஷம், இப்போ. ஆறாவது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்ததில் அந்த ஆறாவது 2008-லிருந்து வந்திருந்தது. அந்த ஆண்டு டார்ட்மண்ட் ஜெயித்த ஆட்டத்துக்குப் பெயர் சூப்பர் கோப்பைதான். ஆனால் அது அதிகாரபூர்வப் போட்டி இல்லை.

விளையாட்டுப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோல் அடித்தவர் பெயரில் வரும் பிழையை அன்றிரவே யாராவது பிடித்துவிடுவார்கள். "இத்தனையாவது முறை" என்ற எண்ணில் வரும் பிழை அப்படியல்ல. ஒரு தடவை அச்சேறினால் அடுத்த வருஷம் அதோடு ஒன்றைக் கூட்டுவோம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்றை. நின்றுபோய், பெயர் மாறி, மறுபடி முளைத்த போட்டிகளில்தான் இது அதிகம். ஜெர்மனி சூப்பர் கோப்பையைப் போல இதில் ஆளைக் கவிழ்க்கும் போட்டி நான் பார்த்தவரை வேறில்லை.

லீக் சாம்பியனும் ஜெர்மன் கோப்பை வென்ற அணியும் சீசன் தொடக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் மோதுவது, இதுதான் வடிவம். 1977-லும் 1983-லும் இப்படி ஆடிப் பார்த்தார்கள். அவை கணக்கில் வராது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் முறைப்படி நடத்திய முதல் போட்டி 1987 ஜூலையில், பிராங்பர்ட்டில்.

அந்த முதல் ஆட்டமே ரகளை. ஹாம்பர்க் முதலில் கோல் போட்டது. பேயர்னின் யூர்கன் வெக்மன் சமன் செய்தார்; முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் இரண்டாவதையும் அடித்தார். ஹாம்பர்க் கோல்கீப்பர் ஊலி ஸ்டைன் நேராக வெக்மன் முகத்தில் ஒரு குத்து விட்டார். சிவப்பு அட்டை, தடை, அதோடு ஹாம்பர்க் வேலையை விட்டே நீக்கியது. அவர் போய்ச் சேர்ந்த இடம் பிராங்பர்ட் அணி. அடுத்த ஆண்டே அவர்கள் ஜெர்மன் கோப்பையை வென்று, இதே சூப்பர் கோப்பைக்குத் தகுதி பெற்று, வெர்டர் பிரெமனிடம் 2-0 என்று தோற்றார்கள். 1986 உலகக் கோப்பையின்போது பயிற்சியாளர் பெக்கன்பவரைக் கேலி பேசியதற்காக மெக்சிகோவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவரும் இதே ஸ்டைன்தான். 2025 முதல் இந்தக் கோப்பைக்கு ஃபிரான்ஸ் பெக்கன்பவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஸ்டைன் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1989-க்கு வரும்போது கவனம் வேண்டும். அந்த ஆண்டு ஜெர்மனியில் இரண்டு சூப்பர் கோப்பைகள், ஏனென்றால் அப்போது ஜெர்மனியே இரண்டு. மேற்கில் டார்ட்மண்ட் 4-3 என்று பேயர்னை வென்றது. கிழக்கில் கோட்பஸ் நகரில், ஆகஸ்ட் மாதம், பெர்லினின் டைனமோ அணி டிரெஸ்டன் டைனமோவை 4-1 என்று வென்றது. பெர்லின் டைனமோ, ரகசியப் போலீஸ் தலைவர் எரிக் மீல்கேயின் செல்லப்பிள்ளை. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை லீக் சாம்பியன். அந்த வரிசையை உடைத்த அணி டிரெஸ்டன். அதனால் கோட்பஸில் பெர்லின் அணிக்குத் தீர்க்க வேண்டிய பழைய பாக்கி ஒன்று இருந்தது. மூன்றே மாதத்தில், நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது. கிழக்கு ஜெர்மனி சூப்பர் கோப்பை அதன்பின் நடக்கவே இல்லை.

இரண்டு சங்கங்களும் இணைந்தபின், 1991-ல் மட்டும் நான்கு அணிகள். மேற்கிலிருந்து கைசர்ஸ்லாட்டர்ன், வெர்டர் பிரெமன். கிழக்கில் ஹன்சா ரோஸ்டாக் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றிருந்ததால், கோப்பை இறுதியில் அதனிடம் தோற்ற ஐசன்ஹுட்டன்ஸ்டாட் எஃகு ஆலை ஊர் அணிக்கும் ஓர் இடம். இறுதியில் கைசர்ஸ்லாட்டர்ன் 3-1. 1992-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே ஜெர்மன் கோப்பையை வென்ற ஹனோவர் வந்து ஸ்டுட்கார்ட்டிடம் தோற்றது. 1996-ல் கைசர்ஸ்லாட்டர்ன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய அதே சீசனில் கோப்பையை வென்று வந்து, டார்ட்மண்டிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. அதோடு போட்டி நின்றது.

1997 முதல் அந்த இடத்தில் லீகா போக்கால், அதாவது லீக் கோப்பை. இரண்டு அணிக்குப் பதில் ஆறு அணிகள், ஒரு ஆட்டத்துக்குப் பதில் ஐந்து. தொடரே வேறு, கணக்கும் வேறு. 2007-ல் அது நிற்கும்வரை பேயர்ன் 6 முறை வென்றது. இந்த ஆறைத் தூக்கிச் சூப்பர் கோப்பைக் கணக்கில் கொட்டிய செய்திகளை நானே வெட்டியிருக்கிறேன். ஹாம்பர்க் விஷயம் இன்னும் வேடிக்கை. "1987 ஜெர்மன் கோப்பைக்குப் பிறகு ஹாம்பர்க் எந்தக் கோப்பையும் வெல்லவில்லை" என்று எல்லோரும் எழுதுகிறோம். 2003-ல் லீக் கோப்பையை வென்றிருக்கிறது! "பெரிய கோப்பை எதுவும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் வாக்கியம் தப்பிக்கும். சேர்க்காவிட்டால் போன் வரும்.

2008-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டி வந்ததால் லீக் கோப்பைக்கு நாள் கிடைக்கவில்லை. அந்தச் சந்தில்தான் என்னைக் கவிழ்த்த ஆட்டம் நடந்தது. லீக், கோப்பை இரண்டையும் பேயர்னே வென்றிருந்ததால், கோப்பை இறுதியில் தோற்ற டார்ட்மண்டை எதிரே நிறுத்தினார்கள். டார்ட்மண்டுக்கு அப்போது யூர்கன் க்ளாப் பயிற்சியாளராகப் புதிதாக வந்திருந்தார். அணி 2-1 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டு உல்ஃப்ஸ்பர்கை வெர்டர் பிரெமன் அதே 2-1-இல் வென்றது. இரண்டுக்கும் விளம்பர நிறுவனங்களின் பெயர் இருந்தது, பட்டியலில் இடம் இல்லை. அதிகாரபூர்வக் கோப்பை 2010-ல் ஆக்ஸ்பர்கில் திரும்பி வந்தபோது எண்ணிக்கை 1996-ல் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தது. அதனால் பிரெமன் கணக்கு 3 கோப்பைதான்; 2009-ஐயும் சேர்த்து 4 அல்ல.

இது ஜெர்மனிக்காரர்கள் பாடு என்று நினைக்க வேண்டாம். நம்மூரில் 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் சென்னையின் எஃப்.சி. அணி, கோவா அணியிடம் 2-1 என்று இழந்தது சூப்பர் கோப்பை இறுதி. அந்தப் போட்டி 2018-ல், 40 ஆண்டு ஓடிய ஃபெடரேஷன் கோப்பைக்குப் பதிலாக வந்த நாக் அவுட் தொடர். அதற்கு முன்பே, 1997 முதல் 2011 வரை, இதே பெயரில் வேறொன்று இருந்தது. லீக் சாம்பியனும் ஃபெடரேஷன் கோப்பை சாம்பியனும் ஆடும் ஒற்றை ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் பழையதையும் வென்றிருக்கிறது, 2024-ல் புதியதையும். இரண்டையும் கூட்டிப் போட்டால் தப்பு.

அந்தப் போனுக்குப் பிறகு டெஸ்க்கில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். "எத்தனையாவது" என்ற சொல் செய்தியில் இருந்தால் ஏஜென்சி தந்த எண்ணை அப்படியே எடுக்க மாட்டேன். வருஷங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, விரல்விட்டு எண்ணுவேன். வருஷங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால், அங்கே ஒரு போட்டி நின்று வேறொன்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணிப் பார்க்க நேரம் இல்லாத இரவில் "மீண்டும் சாம்பியன்" என்று போட்டுவிடுவேன். தலைப்பு கொஞ்சம் சப்பென்று இருக்கும், பரவாயில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் காட்டுகிறேன்.

2025 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட்டைப் பேயர்ன் 2-1 என்று வென்றது. "11-வது முறை" என்று போட்டோம். மறுநாள் அதே குரல். "பதினொண்ணு சரி தம்பி. இப்பக் கோட்பஸ்ல ஆடுன மேட்ச்ச எந்தப் பட்டியல்ல வெச்சிருக்கீங்க?"

"அது தனிப் பட்டியல் ஐயா. ஒரே ஒரு வரி."

"அதையும் ஒரு நாள் போடுங்க" என்று வைத்துவிட்டார்.