ஸ்பேஸ் ஷூட்டர்: சுடுவதா, எய்வதா?

தங்கை மகன் முதலாம் படிவம் படிக்கிறான். 'எனக்குப் பிடித்த விளையாட்டு' என்று தமிழில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். பூப்பந்து, காற்பந்து என்று எதையாவது எழுதி முடிக்காமல், கைப்பேசியில் தான் ஆடுகிற பழைய காலத்து ஸ்பேஸ் ஷூட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டான். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

"மாமா, ஸ்பேஸ் ஷூட்டருக்குத் தமிழ்ல என்னா போடுறது?"

விண்வெளிச் சுடும் விளையாட்டு என்று போடச் சொன்னேன். அவன் எழுதியும் விட்டான். அப்புறம்தான் அந்தச் 'சுடும்' எனக்கு உறுத்தத் தொடங்கியது.

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். திரையின் கீழேயோ ஓரத்திலோ நம்முடைய சின்னக் கப்பல் இருக்கும். எதிரே கூட்டங்கூட்டமாக எதிரிகள் வருவார்கள். நகரலாம், அடிக்கலாம், அதைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை. விண்வெளி என்பது கறுப்புத் திரையில் தெளித்த சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். முன்னால் 'ரெட்ரோ' என்று சேர்த்தால் அந்தக் காலத்துப் பாணி என்று அர்த்தம். லத்தீனில் ரெட்ரோ என்றால் பின்னோக்கி. தமிழில் 'பழம்பாணி' என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. வீடியோ கேமுக்கு 'நிகழ்பட ஆட்டம்' என்ற சொல் இருக்கிறது, காணொளி விளையாட்டு என்பவர்களும் உண்டு. சிக்கல் எல்லாம் அந்த 'ஷூட்டர்' இடத்தில்தான்.

இந்த வகை விளையாட்டின் பாட்டன் 1962இல் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 என்ற கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்று ஒன்றை எழுதினார்கள். நடுவில் ஒரு விண்மீன் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கப்பல்கள் அதில் விழுந்துவிடாமல் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று டார்ப்பிடோவால் அடிக்கும். டார்ப்பிடோ என்பதைக் கவனியுங்கள், கப்பலைத் தகர்க்க ஏவி விடுகிற குண்டு அது, துப்பாக்கி இல்லை. 1971இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' இதைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கியது. உலகமே வரிசையில் நின்று காசு போட்டது 1978க்குப் பிறகுதான். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அந்த ஆண்டு வந்தது.

அந்தப் பெட்டியை நான் பார்த்தது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுங்கை என்றால் மலாயில் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. எங்கள் வீடு பட்டணத்துக்கு வெளியே, பால்மரத் தோட்டத்து லயத்தில். சம்பளம் போட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பட்டணம் போவோம். அப்பாவின் சட்டையில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கித்தா (ரப்பர்) வாசம் இருக்கும். அம்மா மளிகைக் கடையில் பற்றுக் கணக்கைத் தீர்க்கிற நேரத்தில் நானும் அண்ணனும் அஞ்சடிக்கு, அதாவது கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதைக்கு, ஓடிவிடுவோம். கோப்பிக் கடைக்கு வெளியே, சுவரோரம், ஆள் உயரத்தில் அது நிற்கும்.

அஞ்சடி என்றதும் இன்னொரு சொல்லையும் தொட்டுவிட வேண்டும். இப்படிக் காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்கு ஆங்கிலத்தில் ஆர்க்கேட் கேம் என்று பெயர். லத்தீனில் 'ஆர்க்குஸ்' என்றால் வில். வில் போல வளைந்ததால் கட்டட வளைவு ஆர்ச் ஆனது. வளைவுகள் வரிசையாக நிற்கும், கூரை போட்ட கடைப்பாதை ஆர்க்கேட் ஆனது. அந்தப் பாதையில் காசுப் பெட்டிகளை வைத்ததும் பெயர் பெட்டிக்கே ஒட்டிக்கொண்டது. நம் கடைவீதி அஞ்சடியும் அதே சாதிதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் தெருவின் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று விதித்தார். மலாயாப் பட்டணங்களிலும் அது பரவி, மலாயில் காக்கி லீமா, நம் வாயில் அஞ்சடி என்று ஆனது. ஆக, பெட்டி நின்ற இடம் அதன் பெயருக்குச் சொந்தமான இடம்தான். அன்றைக்கு எங்களுக்கு அது எங்கே தெரியும்?

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திரை. உண்மையில் அது கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் வண்ணத் தாள் ஒட்டியிருந்தார்கள், மேலே சிவப்பு, கீழே பச்சை. நடுவில் வெள்ளையாக இருக்கிற எதிரி கீழே இறங்கி வந்தால் பச்சையாகிவிடுவான். எங்கள் பெட்டியில் பச்சைத் தாளின் வலது மூலை உரிந்து சுருண்டிருந்தது. அந்த ஓரத்துக்குப் போனால் நம் கப்பல் மட்டும் திடீரென்று வெளுத்துப்போகும். அதைப் பேய் பிடித்த இடம் என்று அண்ணன் சொல்ல, நான் ரொம்ப நாள் அந்தப் பக்கமே கப்பலை ஓட்டவில்லை.

இருபது காசு போட்டால் ஓர் ஆட்டம். சில நாள் காசை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். கடைக்காரர் பெட்டி தன்னுடையது இல்லை என்று கையை விரிப்பார். ஒருமுறை அழுதுகொண்டே போய் அம்மாவிடம் பெட்டியைத் திட்டினேன். "அதை ஏன்டா திட்டுற? காசு போட்டவன் நீ. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்க ஆள் தேடப் போய்விட்டார். இந்த 'எய்தவன்' பிற்பாடு உதவுவான், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பையன்கள் இந்த விளையாட்டைத் 'தெம்பாக் கேம்' என்போம். தெம்பாக் என்றால் மலாயில் சுடுதல். தேர்வில் விடை தெரியாமல் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிவிட்டு வருவதற்கும் அதே சொல்தான்: "கணக்கு பூரா தெம்பாக்தான்!" பெட்டி முன்னால் முதன்முதலாக நிற்கிறவனும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டுவான். அங்கேதான் மாட்டிக்கொள்வான். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு நேரத்தில் நமக்கு ஓர் அடிதான். விட்டது எதிரியின்மேல் படும்வரை, அல்லது திரையைத் தாண்டிப் போகும்வரை, அடுத்தது கிளம்பாது. குறி தப்பினால் அது உச்சிவரை போய்ச் சேருகிற வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். எதிரிகளோ ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55. ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் பெட்டிக்குள் இருந்த சில்லு மீதியைச் சீக்கிரம் வரைந்துவிடும், அதுதான் காரணம். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவன் ஓடுகிற ஓட்டத்தில் நம் கை நடுங்கும்.

ஒன்றை விட்டுவிட்டு, அது போய்ச் சேரக் காத்திருப்பது துப்பாக்கிக்காரன் வேலையா, வில்லாளி வேலையா?

'ஷூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கதையும் இதையே சொல்கிறது. அதன் பழைய வடிவம் ஷேயோடன். துப்பாக்கி தெரியாத காலத்துச் சொல் அது. எறிவது, விடுவது, விரைந்து பாய்வது எல்லாம் அதில் அடங்கும், முக்கியமாக அம்பு விடுவது. தளிர் விருட்டென்று கிளம்புவதால் அதற்கும் ஷூட் என்றே பெயர். பின்னால் வெடிமருந்து வந்தபோது வில்லாளியின் சொல்லைத் துப்பாக்கிக்காரன் எடுத்துக்கொண்டான்.

தமிழில் நடந்தது வேறு. நமக்குச் 'சுடு' என்றால் அடிப்படையில் நெருப்பு, வெப்பம். சுடுநீர், சுடுகாடு, சுடர், சூடு எல்லாம் ஒரே குடும்பம். துருக்கியச் சொல்லான துஃபெக் பல வாய் மாறித் துப்பாக்கியாக வந்து இறங்கியபோது, அது நெருப்பைக் கக்கியதால் 'சுட்டான்' என்றோம். ஆங்கிலத்திலும் துப்பாக்கியை 'ஃபயர்' செய்கிறார்கள், அதே நெருப்பு. ஆகவே 'சுடு' என்பது 'ஃபயர்' என்பதற்குத்தான் நேர்ச் சொல். ஷூட்டுக்கு நேர் 'எய்'. போதாக்குறைக்கு, நம் பேச்சில் சுடு என்றால் வடையும் சுடலாம், அடுத்தவன் பேனாவையும் சுடலாம்.

'எய்' பழைய சொல், அழகான சொல். முள்ளம்பன்றிக்கு எய்ப்பன்றி என்று ஒரு பெயர் உண்டு. முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அது உண்மையில் எய்வதில்லை, தொட்டவர்மேல் முள் கழன்று குத்திக்கொள்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளின் அடியை இரவில் கடித்து நாசம் பண்ணுவதால் தோட்டத்தில் யாரும் அதை அவ்வளவு மரியாதையாக அழைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

திருக்குறளில் "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்று வருகிறது. காட்டு முயல்மேல் பட்ட அம்பை வைத்திருப்பதைவிட, யானைக்கு எறிந்து தப்பிய வேலை வைத்திருப்பது மேல். இதில் 'பிழைத்த' என்றால் குறி தவறிய. இன்றைக்கு நாம் பிழைத்தான் என்றால் உயிர் தப்பினான் என்று எடுத்துக்கொள்கிறோம். குறி பிழைத்தால் யானை பிழைக்கும், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அண்ணன் இந்தக் குறளைப் படித்திருந்தானோ என்னவோ, ஆடியது அப்படித்தான். கீழே இருக்கிற பத்து, இருபது, முப்பது புள்ளி முயல்களை விட்டுவிட்டு, உச்சியில் எப்போதாவது குறுக்கே போகிற சிவப்புக் கப்பலுக்கே காத்திருப்பான். அதை அடித்தால் 300 புள்ளி வரை கிடைக்கும். பெரும்பாலும் முயல்கள் இறங்கி வந்து அவனை முடித்துவிடும்.

சரி, அப்படியானால் விண் + எய் என்று சேர்த்துப் பெயர் வைத்துவிடலாமா? வைத்துப் பார்த்தேன். விண்ணெய் ஆட்டம். மருமகனிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "வெண்ணெய் ஆட்டம் மாதிரி கேக்குது லா மாமா!" இலக்கணம் சரியாக இருந்தும் காது ஒத்துக்கொள்ளாத சொல்லை எந்தப் பேரவை கூடியும் காப்பாற்ற முடியாது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

வழி பக்கத்திலேயே இருந்தது. மிசைல் என்பதற்கு நாம் என்ன சொல்கிறோம்? ஏவுகணை. செய்தி வாசிப்பவரிலிருந்து கோப்பிக் கடைப் பெரியவர் வரை எல்லோர் வாயிலும் வந்துவிட்ட சொல். கணை என்றால் அம்பு. கண்டம் விட்டுக் கண்டம் பாய்கிற ராக்கெட்டையே நாம் அம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அதனால் ஸ்பேஸ் ஷூட்டருக்கு 'விண்கணை ஆட்டம்' என்பது என் சிபாரிசு. ஆடுகிறவர் விண்கணையர். தேர்வுத்தாளில் 'விண்வெளிச் சுடும் விளையாட்டு' என்று எழுதினாலும் தப்பில்லை, புரியும். ஆனால் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்த மாதிரி இருக்கும்.

இன்னும் இரண்டு சொல். ஏலியனுக்கு மூலம், லத்தீனில் 'வேறு' என்று பொருள்படும் அலியுஸ். நாம் வேற்றுக்கிரகவாசி என்கிறோம், அந்த 'வேற்று' அப்படியே பொருந்துகிறது. கிரகம் வடமொழியில் பற்றுவது, பிடிப்பது என்ற வேரிலிருந்து வந்தது. தமிழில் கோள், அதுவும் 'கொள்' என்பதிலிருந்து. பிடித்துக்கொள்ள வருகிறவர்களை வேற்றுக்கோளினர் என்றால் படையெடுப்பும் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது.

மற்றொன்று 1990களில் ஜப்பானில் கிளம்பிய வகை. திரை முழுக்க நூற்றுக்கணக்கில் குண்டுகள் பூப்பூவாக விரிந்து வரும், நாம் இண்டு இடுக்கில் நுழைந்து தப்ப வேண்டும். ஜப்பானியர் இதை டன்மாக்கு என்கிறார்கள், குண்டுத் திரைச்சீலை என்று பொருள். இதற்குத் தமிழில் சொல் செய்யவே வேண்டாம். 'சரமாரி' இருக்கிறது. சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. சரம் முதலில் ஒரு நாணல், அதில் அம்பு செய்ததால் அம்புக்கும் அதே பெயர். முருகன் பிறந்த சரவணப் பொய்கையில் இருப்பதும் அந்த நாணல்தான். வடசொல் வேண்டாம் என்பவர்கள் கணைமாரி என்று வைத்துக்கொள்ளட்டும். 'நிருபர்கள் சரமாரியாகக் கேள்வி கேட்டனர்' என்று நாளிதழில் தேய்ந்துகொண்டிருக்கிற ஒரு சொல்லுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கும்.

மருமகன் 'சுடும்' என்பதை அடித்துவிட்டு மேலே 'விண்கணை' என்று எழுதினான். ஆசிரியர் கேட்டால் மாமா சொன்னார் என்று சொல்லிவிடுவானாம். அப்புறம் கைப்பேசியை என்னிடம் நீட்டி ஓர் ஆட்டம் ஆடச் சொன்னான். இருபது காசு வேண்டாம், கண்ணாடித் தாளும் இல்லை, வண்ணமெல்லாம் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது வரிசையில் இருக்கும்போது உச்சியில் சிவப்புக் கப்பல் கிளம்பியது. முயல்களை விட்டுவிட்டு அதன் போக்குக்கு முன்னால் குறிவைத்துக் கட்டை விரலை அழுத்தினேன்.

பிழைத்தது, இரண்டு பொருளிலும்.