மாசி முடியுமுன் கிளை வெட்டும் கத்தரியை எடுங்கள், மாமரத்தை விட்டுவிடுங்கள்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மதுரையில் அந்தப் பனி காலை ஏழு, ஏழரை வரைதான். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று உறைக்கத் தொடங்கிவிடும். பங்குனி பிறந்தபின் கிளையை வெட்டினால், வரும் இளந்தளிர் அந்த வெயிலில் கருகிப்போகும். அதனால் வீட்டுத் தோட்டத்தில் கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வதற்கு, நமக்கு மிஞ்சுவது தையும் மாசியும்தான். தோட்டவேலை செய்யும் எனக்கு இந்த இரண்டு மாதங்களில்தான் அழைப்புகள் அதிகம். சிலர் எப்போது வெட்டலாம் என்று கேட்கிறார்கள். பலர் வெட்டிய பிறகு கூப்பிடுகிறார்கள். அப்படி வெட்டிவிட்டு வருந்தக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஆனையூர் பக்கம் ஒரு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரில் சாய்ந்திருந்த மாங்கிளைகளை ஆள்விட்டு அரிவாளால் கழித்திருந்தார்கள். நான் போனபோது கிளைகள் வாசலில் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு நுனியிலும் பூங்கொத்து. ஈக்கள் அப்போதும் அந்தப் பூக்களை மொய்த்துக்கொண்டிருந்தன. "குப்பையா விழுதுன்னுதான் சார் வெட்டச் சொன்னோம்" என்றார் வீட்டுக்காரர். அந்த வருடத்து மாங்காய் முக்கால்வாசி அங்கேயே போய்விட்டது. மா, முந்தைய பருவத்தில் முற்றிய கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை எடுத்தால் காயும் போச்சு. மாமரத்தைக் கழிக்க ஆசையிருந்தால் காய் பறித்து முடிந்த ஆடி, ஆவணியில் செய்யுங்கள்.

செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். பழைய கிளையில் பூக்கும் மரத்தைப் பூத்து முடித்தபின் வெட்ட வேண்டும். புதுத்தளிரில் பூக்கும் செடியைத் தளிர் கிளம்புவதற்கு முன் வெட்ட வேண்டும். மல்லி, ரோஜா, செம்பருத்தி, கொய்யா எல்லாம் இரண்டாவது வகை.

இதில் மல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, நம் ஊர் வீடுகளில்தான் பெரும்பாலும் கவாத்தே காணாமல் கிடக்கிறது. மார்கழி, தையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி விலை கிலோ ஆயிரங்களில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பனியில் செடி ஓய்ந்துவிடுவதுதான் காரணம். அந்த ஓய்வைத்தான் விவசாயிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நவம்பர் கடைசியில் புதரைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டிவிடுவார்கள். பூ அளக்கிறோமே, அந்த முழத்துக்குச் சற்று மேலே. மார்ச், ஏப்ரலில் பூ வந்துவிடும். வீட்டுச் செடியில் அதைத் தவறவிட்டவர்கள் தை முடிவதற்குள் வெட்டிவிடலாம். பூ அந்த அளவுக்குப் பிந்தும், அவ்வளவுதான்.

திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் பன்னிரண்டு வருடத்து மல்லி. ஆள் உயரம், பூ மட்டும் விரல்விட்டு எண்ணலாம். "வெட்டுனா செத்துருமே தம்பி, எங்க வீட்டுக்காரர் வச்ச செடி" என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. அவர் கையைப் புதருக்குள் விடச் சொன்னேன். உள்ளே இலையே இல்லை. காய்ந்த சுள்ளிகள் முறுமுறுவென ஒடிந்தன. வெளிப்பக்கம் மட்டும் போர்வைபோல் ஒரு பச்சை. வெயில் உள்ளே இறங்காத செடியில் எங்கிருந்து தளிர் வரும்? அவர் சம்மதித்த பிறகே கயிறு கட்டினேன். வெட்டிய இடத்தில் தண்டு பச்சையாக இருப்பதைக் காட்டியபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவரவர் வீட்டுச் செடியில் அவரவர் நினைவும் இருக்கிறது. வெட்டப்போகிறவர் அதை மறக்கக்கூடாது.

வெட்டியதும் செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம். தண்டை ஒட்டிப் போடாமல், ஒரு அடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்துப் போட்டு மண்ணை மூடுங்கள். தளிர் வந்தபின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. நம் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு இது சகஜம். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, இலை பச்சையாகும் வரை அவ்வப்போது தெளித்து வாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. கொய்யாவில் போன பருவத்துக் கிளை நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வெட்டினால் போதும். எலுமிச்சையில் தரையிலிருந்து 45 செ.மீ. வரை தண்டில் கிளை இருக்கக்கூடாது, காய்ந்த குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையை ஒரு மீட்டர் உயரத்தில் நுனி கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். முருங்கையை இப்போது தொடாதீர்கள், பூவும் பிஞ்சுமாக இருக்கும். காய் ஓய்ந்ததும் ஆடிக்காற்று வருவதற்குள் ஒரு மீட்டர் விட்டு வெட்டுங்கள்.

எப்படி வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். அரிவாள் வேண்டாம். அது பட்டையைக் கிழித்துவிடும், கிழிந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகும். விரல் தடிமனுக்குக் கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் ரம்பம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக ஒரே வெட்டு. பெரிய கிளையை நேரே மேலிருந்து அறுத்தால் பாதியில் தன் கனத்தில் முறிந்து, பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு போகும். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுங்கள். கனம் போனபின் மிஞ்சிய கட்டையை, கிளை தண்டில் சேரும் மடிப்பை ஒட்டி எடுங்கள்.

ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பிளேடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைச் செய்யவில்லை. நுனி கருகிக்கொண்டு வந்த ஒரு ரோஜாவை வெட்டிய கத்தரியாலேயே வரிசை முழுவதும் வெட்டினேன். ஒரு மாதத்தில் ஆறு செடிகள் மேலிருந்து கீழாகக் கறுத்து வந்தன. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

பெரிய வெட்டுக்காயத்துக்குப் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் போர்டோ பசை நல்லது, வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை மட்டும். சேர்த்த கரைசலில் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அன்றே பூசிவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் பலன் குறையும். கையுறை போடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

கவாத்துக்குப் பின் பலர் பாசத்தில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். இலை குறைந்த செடி குறைவாகத்தான் குடிக்கும், தொட்டியில் இருந்தால் வேர் அழுகும். மேல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தொட்டிகளில் உப்புப் பூத்த மேல் மண்ணை இரண்டு அங்குலம் அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். வெட்டிய நல்ல குச்சி, இலைகளை நறுக்கி, மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காகப் பரப்பலாம். கருகலும் கள்ளிப்பூச்சியும் (வெள்ளை மாவுப்பூச்சி) இருந்ததை மட்டும் பையில் கட்டி வெளியேற்றிவிடுங்கள். எதையும் தெருவில் கொளுத்த வேண்டாம். சித்திரை வெயிலில் வேரைக் காக்க அந்த மூடாக்கு நான்கு விரல் கனமாவது இருக்கட்டும், தண்டைத் தொடாமல்.