தேங்காய் எண்ணெயும் கிருமிகளும்: கொல்லும் ஆற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது?

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவைத் தேங்காய் எண்ணெயால் அடக்க முடியுமா என்று சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. எண்ணெயை அப்படியே சேர்த்தபோது பாக்டீரியாவின் வளர்ச்சி தடைபடவில்லை. அதே எண்ணெயை நொதியால் சிதைத்துச் சேர்த்தபோது வளர்ச்சி குன்றியது. தேங்காய் எண்ணெயின் கிருமி எதிர்ப்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுதான் என்பது என் கருத்து.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். ஆனால் அது எண்ணெயில் தனித்து உலவுவதில்லை; மூன்று மூன்று கொழுப்பமிலங்களாக கிளிசரால் என்ற ஒரு மூலக்கூறுடன் பிணைக்கப்பட்டு, ட்ரைகிளிசரைடு என்ற வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் அது கிருமிக்குக் கேடு செய்வதில்லை. லைபேஸ் நொதி பிணைப்பை வெட்டும்போதுதான் லாரிக் அமிலமும், ஒரே ஒரு லாரிக் அமிலம் கிளிசராலோடு ஒட்டியிருக்கும் மோனோலாரினும் வெளிப்படுகின்றன. இவற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். சோப்பைப் போன்ற இந்த இரட்டை இயல்பால் இவை பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்க, உள்ளிருப்பவை வெளியே கசிந்து பாக்டீரியா மடிகிறது. கொழுப்புறை போர்த்திய வைரஸ்கள் சிலவும் ஆய்வகத்தில் இப்படியே செயலிழக்கின்றன. ஆனால் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு அரணாக இருப்பதால், அவற்றிடம் மோனோலாரின் பெரிதும் எடுபடுவதில்லை.

எண்ணெயை உட்கொண்டால் என்ன ஆகிறது? சிறுகுடலில் கணைய லைபேஸ் ட்ரைகிளிசரைடின் இரு ஓரங்களையும் வெட்டிவிடுகிறது. நடுவில் லாரிக் அமிலம் இருந்தால் எஞ்சுவது மோனோலாரின்தான். ஆகவே குடலுக்குள் மோனோலாரின் உருவாகிறது என்பது உண்மையே. 2015-இல் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் மிகுந்த உணவு, மாட்டுக் கொழுப்பு மிகுந்த உணவோடு ஒப்பிடுகையில், குடலிலிருந்த கேண்டிடா பூஞ்சையை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. ஆனால் குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் சென்றதும் உடல் அந்தத் துண்டுகளில் பெரும்பகுதியை மீண்டும் ட்ரைகிளிசரைடாகவே கோத்து, கைலோமைக்ரான் என்ற பொதிகளில் ஏற்றி, நிணநீர் வழியே இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. வெட்டிய வாளை உறைக்குள் செருகியதைப் போன்றது இது. தொண்டையிலோ நுரையீரலிலோ உள்ள வைரஸை, உண்ட எண்ணெய் தேடிச் சென்று கொல்லும் என்று எதிர்பார்ப்பதற்கு இதனால் இடமில்லை.

கிருமியைக் கொல்வது வேறு, நோய் எதிர்ப்பாற்றலை வளர்ப்பது வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னது சவ்வைச் சிதைக்கும் செயல்; பின்னது வெள்ளையணுக்களும் எதிர்ப்பொருள்களும் ஆற்றும் பணி. தேங்காய் எண்ணெய் உண்பதால் மனிதர்களுக்குத் தொற்றுகள் குறைகின்றன என்று உறுதியாக நிறுவப்படவில்லை. உறுதியாகத் தெரிந்த விளைவு இன்னொன்று: 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வின்படி, சூரியகாந்தி, சோயா போன்ற வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துகிறது.

தோலில் நிலைமை வேறு. அங்கே எண்ணெய் பூசிய இடத்திலேயே தங்குகிறது. தோலில் வாழும் நுண்ணுயிரிகளின் லைபேஸே அதை மெல்ல வெட்டித் தருகிறது. அட்டோபிக் எக்ஸிமா என்ற அரிக்கும் தோல் அழற்சி உள்ள பெரியவர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய் பூசிய குழுவில் 20 பேரின் தோலில் முதலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருந்தது. முடிவில் ஒருவரிடம் மட்டுமே அது எஞ்சியது. ஆலிவ் எண்ணெய் பூசியவர்களில் 12 பேரில் 6 பேரிடம் அது நீடித்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் வேதியியல் சொல்வதோடு இது பொருந்துகிறது. இதிலும் ஒரு விலக்கு உண்டு. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சை கொழுப்பமிலங்களை உண்டே வாழ்வதால், பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயைத் தங்கவிடுவது அதற்கு உணவிடுவதாகவே முடியக்கூடும்.