பிள்ளை எங்கே என்று வாட்ச்சுக்கு எப்படித் தெரிகிறது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்மார்ட்வாட்ச் வேண்டுமென்று நாகர்கோவிலில் கடையேறினால், கேமராவையும் கேமையும்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் சிம் போடலாமா? சிம் இல்லாதது புளூடூத்தில் உங்கள் போனை நம்பி இருப்பது. பிள்ளை வேன் ஏறித் தெருமுனை தாண்டியதும் தொடர்பு அறுந்துவிடும்.

சிம் உள்ள வாட்ச் முதலில் ஜிபிஎஸ்ஸைத் தேடும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. ஒளிவேகத்தில் வந்தாலும் அந்த சிக்னல் தரைக்கு வர நொடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு பிடிக்கும். அந்தத் தாமதத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. இடத்தைக் குறிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதாதா என்றால், போதாது. அங்கே இருப்பது அணுக் கடிகாரம். பிள்ளையின் கையில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். அது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறும். அந்தப் பிசகையும் கண்டுபிடிக்கத்தான் நான்காவது.

இந்த சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் சன்னமாகிவிடும். முட்டம் கடற்கரையில் சில மீட்டர் வித்தியாசத்தில் இடம் சொல்லும் அதே வாட்ச், குலசேகரம் பக்கம் நனைந்த ரப்பர் தோட்டத்துக்குள் தடுமாறும். கான்கிரீட் வகுப்பறைக்குள் அனேகமாகக் கைவிட்டுவிடும். அப்போது சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைத் திரட்டி சர்வருக்கு அனுப்பும். எந்தப் பெட்டி எங்கே என்ற பட்டியல் அங்கே உண்டு. அதுவும் இல்லையென்றால் டவர்தான் கதி. டவர் கணக்கு சில நூறு மீட்டர் தவறும், கிராமத்தில் கிலோமீட்டர்கூட. களியக்காவிளையில் டியூஷனில் இருக்கும் பிள்ளையை, கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டு பாறசாலையில் காட்டினாலும் காட்டும். புள்ளி ஜிபிஎஸ்ஸில் வந்ததா டவரில் வந்ததா என்று ஆப்பில் காட்டாத வாட்ச்சை நான் வாங்க மாட்டேன்.

மலிவான பல வாட்ச்சுகள் 2ஜி மட்டுமே. ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் 4ஜியே பாருங்கள். நிமிடத்துக்கொரு முறை இடம் கேட்டால் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீரலாம். பள்ளி விடும் நேரத்துக்கு மட்டும் அடிக்கடி கேட்கும்படி வைத்தால் போதும்.

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அசையாத தண்ணீரில் செய்யும் சோதனை அது. திற்பரப்பு அருவி கொட்டும் வேகமும் குளச்சல் கடலின் உப்பும் அதில் சேராது. பின்பக்க சார்ஜ் முனைகளில் உப்பு காய்ந்தால் அரித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

யாருக்கும் தெரியாமல் பிள்ளையைச் சுற்றியுள்ள பேச்சைக் கேட்கும் வசதி சில வாட்ச்சுகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவற்றின் விற்பனையை 2017-ல் ஜெர்மனி தடை செய்தது. மலிவான சிலவற்றில் கம்பெனி போட்டு அனுப்பும் பாஸ்வேர்டு வெறும் 123456. சிம் போட்ட கையோடு அதை மாற்றிவிடுங்கள். யார் யார் கூப்பிட்டால் வாட்ச் எடுக்க வேண்டும் என்ற பட்டியலில் வீட்டாரைத் தவிர வேறு எண் வேண்டாம்.