ஒரே வயர், மூன்று வோல்ட்டேஜ்

மாடி அறையில் ஒரு பழைய ஃபேன் பாயின்ட். ஃபேனைக் கழற்றி வருஷக்கணக்காகிறது, சுவிட்சும் ஆஃப். ஆனாலும் அந்த வயர் முனையில் வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் என் நல்ல மல்டிமீட்டரை வைத்தால் 110 வோல்ட் காட்டியது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கிய மஞ்சள் மீட்டர் அதே இடத்தில் 34 என்றது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பை இரண்டு வயரிலும் தொட்டார். லேசாகச் சிவக்கக்கூட இல்லை. "ஒண்ணுமில்ல தம்பி, சும்மா காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று சோதனையும் சரிதான். சுவருக்குள் இருக்கும் பைப்பில் அந்த வயரை ஒட்டியே கரண்டு ஓடும் ஃபேஸ் வயரும் போகிறது. இரண்டு உலோகக் கம்பிகள், நடுவே பிளாஸ்டிக் உறை: மின்னூட்டத்தைத் தேக்கும் இந்த அமைப்புக்குப் பெயர்தான் கெப்பாசிட்டர். 10 மீட்டர் நீளத்துக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1,000 பிக்கோஃபாரட் சேரும் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது 30 லட்சம் ஓம் தடைபோல நடந்துகொள்ளும். அந்தத் தடை வழியாகத்தான் கொஞ்சம் மின்சாரம் கசிகிறது. நல்ல மீட்டரின் உள்தடை 1 கோடி ஓம். கசிந்து வரும் வோல்ட்டேஜில் பெரும்பங்கு அதன் மேலேயே விழுகிறது. மஞ்சள் மீட்டரின் உள்தடை 10 லட்சம் ஓம்தான், அதனால் பங்கும் குறைவு. பல்புக்கோ சில நூறு ஓம்கூட இல்லை, வோல்ட்டேஜ் அப்படியே படுத்துவிடுகிறது. சொட்டும் குழாயின் வாயை விரலால் இறுக்கி அடைத்தால் அழுத்தம் தெரியும், விரலை எடுத்தால் வெறும் சொட்டு. அந்தக் கதைதான். இந்தப் பேய் வோல்ட்டேஜுக்காகவே சில மீட்டர்களில் உள்தடையைச் சில ஆயிரம் ஓமுக்குக் குறைக்கும் ஒரு தனி நிலை வைத்திருக்கிறார்கள்.

மீட்டர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. வைத்த நொடியே அதுவும் அந்த சர்க்கியூட்டில் ஒரு உறுப்பாகிவிடுகிறது. "எதுக்கு இத்தனை மீட்டர், ஒண்ணு போதாதா?" என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் இதுதான். அவர்கள் ஏற்றுக்கொண்டதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? சாதாரண டிஜிட்டல் மீட்டரின் சிப்பு ஒரு கெப்பாசிட்டரை, நாம் அளக்கும் வோல்ட்டேஜைக் கொண்டு குறிப்பிட்ட நேரம் நிரப்புகிறது. பிறகு தனக்குத் தெரிந்த ஒரு நிலையான வோல்ட்டேஜால் அதைக் காலி செய்கிறது. காலியாக எத்தனை துடிப்பு ஆனது என்று எண்ணிச் சொல்வதுதான் திரையில் தெரியும் எண். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கெப்பாசிட்டர் என்பதால் அதன் துல்லியக் குறை கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகிறது. மலிவான உதிரிபாகத்தை வைத்துக்கொண்டு நம்பகமான எண் தரும் இந்த யுக்தி எனக்கு இன்றும் வியப்புதான். நிரப்பும் நேரத்தை 20 மில்லிசெகண்டின் மடங்காக வைத்துவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் என்றால் இன்னொரு சிக்கல். மலிவு மீட்டர் அலையை நேராக்கி, சராசரி எடுத்து, 1.11 ஆல் பெருக்கிவிடுகிறது. அந்தப் பெருக்கல் வளைவான சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். பவர் கட்டில் பழைய இன்வெர்ட்டர் முழுச் சதுர அலையாக 230 வோல்ட் தந்தால் மஞ்சள் மீட்டர் 255 என்று பயமுறுத்தும். நடுவே அகலமான இடைவெளி விட்டு வரும் அலையானால் குறைத்துச் சொல்லும். அலை எந்த வடிவமானாலும் சரியாக அளக்கும், 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதிய மீட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

காரில் கதை வேறு. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு செல்ஃப் நின்றுவிடுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, அதாவது முழு சார்ஜ். உடனே டெர்மினலின் தடையை ஓம் ரேஞ்சில் பார்க்கத் தோன்றும். பயனில்லை. மீட்டரிலிருந்து வரும் ப்ரோப் வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், நாம் தேடுவதோ 0.01 ஓம். ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே ஒரு ப்ரோப்பைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மற்றதை அதன்மேல் மாட்டிய கிளாம்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. ஒன்று, ஒன்றரை என்று ஏறினால் அங்கே வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டி எடுத்தாலே போதும், புதுப் பேட்டரிக்கான காசு மிச்சம்.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குவது அடுத்த தொல்லை. பூட்டிய காரில் 50 மில்லிஆம்பியர் ஓடுவது சாதாரணம். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி காலியாக அந்தக் கணக்கில் 37 நாள் ஆகும். அது 500 ஆனால் நாலு நாள் தாங்காது. இதைப் பார்க்க மீட்டரை பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே செருகி, 200 மில்லிஆம்பியர் ரேஞ்சில் வைத்துவிட்டு கதவைத் திறப்பவர்கள் ஒரு ஃப்யூஸைப் பலி கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். எதையும் கழற்றாமலே ஒரு வழி இருக்கிறது. காரின் ஃப்யூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 7, 8 மில்லிஓம் தடை உண்டு. அரை ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 4 மில்லிவோல்ட் விழும். இந்த வேலைக்கு மஞ்சள் மீட்டரே தாராளம், 0.1 மில்லிவோல்ட் வரை அதற்குத் தெரியும்.

அதே மஞ்சள் மீட்டரை நான் வீட்டு மெயின் போர்டு பக்கம் கொண்டுபோவதில்லை. கரண்டு அளக்கும் 10 ஆம்பியர் துளைக்குள் இருப்பது 0.01 ஓம் அளவிலான தடித்த கம்பி மட்டுமே. காரில் வேலை முடித்து ப்ரோப்பை அதே துளையில் மறந்துவிட்டு, பிளக் பாயின்ட்டில் 230 வோல்ட் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட். நல்ல மீட்டரில் மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் அந்தத் தீப்பொறியை விழுங்கும். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது, முகப்பிலேயே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். மெயின் போர்டு வரை தாங்கும் என்ற பாதுகாப்புத் தரமான 'கேட் 3' என்று அச்சடித்ததை மட்டும் பார்த்து நம்பாமல், பின்மூடியைக் கழற்றி ஃப்யூஸ் கண்ணாடியா பீங்கானா என்று பார்ப்பது என் வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே எண்ணிக்கையைக் குறைக்கத்தான். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி, தொலைபேசி வேலைக்குத் தனித்தனி மீட்டர்களைச் சுமந்து அலுத்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். 1923-ல் அது 'ஆவோமீட்டர்' என்று விற்பனைக்கு வந்தது. நூறு வருஷம் கழித்து என் அலமாரியில் ஆறு மீட்டர் இருக்கிறது. முள் மீட்டர் ஒன்று, ஆடும் வோல்ட்டேஜைப் பார்க்க. கம்பியை வெட்டாமல் கரண்டு பார்க்கும் க்ளாம்ப் மீட்டர் ஒன்று. மஞ்சள் ஒன்று கார் டிக்கியில். ஏழாவதாக ஒன்று இருந்தது. உள்ளே மறந்துபோன 9 வோல்ட் பேட்டரி கசிந்து, போர்டு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது.